சபையின் சார்பில்

"எந்தச் சபைங்க? மெட்ராசு சட்டசபையா?"

சோலையப்பன் இப்படிக் கேட்டதும் புளியமரத்தடியில் இருந்த மூன்று பேர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். தேர்தல்தான் முடிந்துவிட்டதே, இனி என்ன பேச்சு என்பது அவர்கள் கட்சி.

ஆத்மநாதனுக்கு எரிச்சல் வந்தது. அவர் கந்தர்வக்கோட்டை முருகனடியார் சபையின் தொண்டர். ஊர் ஊராகப் போகும் கண் வைத்தியரைச் சபை அன்று மாலை இந்த ஊருக்கு அனுப்பிவைக்கிறது. ஆள் சேர்ப்பது இவர் பொறுப்பு. போன ஊரில் ஒருத்தரும் வராததால் வைத்தியர் கோபத்தில் இருந்தார். இங்கும் அப்படியென்றால் இனிச் சபைப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

எப்படிப் பேசவேண்டும் என்று காரியதரிசி சொக்கநாதன் பஸ் ஏற்றிவிடும்வரை பாடம் நடத்தியிருந்தார். 'நான்' என்று வாயே திறக்கக் கூடாது. சபை சொல்கிறது என்றுதான் சொல்லவேண்டும். உனக்கு நோவு இருக்கிறதா என்று யாரையும் கேட்டுவிடக் கூடாது, மனசு புண்படும்.

ஆகவே ஆத்மநாதன், இது கட்சிக் காரியமல்ல, முருகன் பெயரால் நடக்கும் காரியம் என்று விளக்கினார். கோபுரத்துக்கு வசூல் போலிருக்கிறது என்று பெண்கள் எழுந்தார்கள். பதறிப்போய், காலணா வேண்டாம், கண்ணுக்கு விடுகிற மருந்தும் சும்மாதான் என்றார். சும்மா மருந்து விடுகிறவன் எதையோ சோதித்துப் பார்க்கத்தான் விடுவான் என்று சொல்லிச் சோலையப்பனும் எழுந்துவிட்டார்.

ஆத்மநாதனுக்குப் பொறுமை போயிற்று. சபையும் மறந்துபோயிற்று.

"அண்ணே, நான் ஒங்க கால்ல விழுறேன். செத்த நேரம் வந்து உக்காந்துட்டுப் போங்க. ஆளில்லாம வைத்தியர் திரும்பிப் போனா நான் அங்கிட்டுத் தலை காட்ட முடியாது."

சோலையப்பன் திரும்ப உட்கார்ந்தார். எழுந்து போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டார். முந்திரிக்காட்டில் வேலையாக இருந்தவர்களுக்கும் சொல்லி அனுப்பினார்.

வைத்தியர் வண்டியைவிட்டு இறங்கியபோது மரத்தடி கொள்ளாத கூட்டம். ஆத்மநாதன் நெஞ்சு நிமிர்ந்து நின்றார். சபையின் சார்பில் வரவேற்புக்கூடச் சொன்னார்.

வைத்தியர் ஒவ்வொருவர் இமையாக விரித்து டார்ச்சடித்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் கடுத்தது. மருந்துப் புட்டியைத் திறக்கவேயில்லை. கடைசியில் ஆத்மநாதனை ஒரு முறை முறைத்துவிட்டு, "இதுல யாருக்குய்யா கண்ணு நோவு?" என்றார்.

வரிசையில் நின்ற அழகம்மாள்தான் பதில் சொன்னாள்.

"நோவெல்லாம் கம்மாய்க்கு அங்கிட்டு இருக்கிற ஊருலங்க. இந்தத் தம்பி அழாத குறையாக் கெஞ்சுனாரு. பாவமா இருந்துச்சு, வந்து நின்னோம்."