புளிச்சக்கீரைக்கு வந்த கெட்ட பேரு

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி, ஞாயித்துக்கிழமை, எனக்கு இருந்தது ஒரே வேலை. மொட்டமாடி தொட்டியில இருக்குற புளிச்சக்கீரை இலையெல்லாம் ஏன் பழுப்பாகுதுன்னு கண்டுபிடிக்கணும்.

"கண்டுபிடிக்கிறேன்னு சொல்லி ஒரு மாசம் ஆச்சு. செடி போய்ச் சேந்தப்புறம் ரிப்போர்ட் குடுப்பீங்களா?"ன்னு கேட்டா என் மனைவி சுமதி.

நான் மறைமலை நகர்ல ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனில குவாலிட்டில இருக்கேன். ஒரு போல்ட்ல கீறல் விழுந்தா, ஏன் ஏன்னு அஞ்சு தடவ கேட்டு மூல காரணத்த பிடிக்கிறதுதான் பொழப்பு. செடிகிட்டயும் அதையே கேட்டேன். இலை ஏன் பழுப்பாகுது? நுனி காயுது. நுனி ஏன் காயுது? தெரியல. ரெண்டாவது கேள்வியிலயே நான் அவுட்.

சரின்னு, செடி பேரு சொல்ற ஆப் ஒண்ணுல போட்டோ எடுத்து போட்டேன். 'ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ்'னு வந்துச்சு. நாம திங்குற கீரைக்கு இவ்ளோ பெரிய பேரான்னு எனக்கே ஒரு கெத்து. முழுசா டைப் பண்ண சோம்பேறித்தனம். வெறும் கன்னாபினஸ், இலை, பழுப்புன்னு இங்கிலீஷ்ல அடிச்சு தேடினேன்.

என் போன் என்னைவிட புத்திசாலி. நான் ஏதோ ஸ்பெல்லிங் தப்பா அடிச்சிட்டேன்னு நெனச்சு, அதுவே திருத்திக்கிச்சு.

வந்துச்சு பாருங்க ஒரு கட்டுரை. படத்துல விரல் விரிச்ச மாதிரி இலை, ஓரமெல்லாம் ரம்பப் பல்லு, நுனி பழுப்பு. அப்படியே என் செடி. தலைப்பெல்லாம் யாரு படிக்கிறா? லிங்க்க எடுத்தேன், பில்டிங் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். கீழ நானே ஒரு வரி சேத்தேன்: "நம் மாடியில் நான் வளர்க்கும் செடிக்கும் இதே பிரச்சனை. அனுபவம் உள்ளவர்கள் ஆலோசனை சொல்லவும்."

போட்டுட்டு குளிக்க போயிட்டேன்.

ராஜகீழ்ப்பாக்கத்துல நாங்க குடியிருக்குறது எட்டு வீடு இருக்குற பில்டிங். எட்டும் பத்மநாபன் சாரோடது. பேங்க்ல ரிட்டயர் ஆனவரு, கீழ் வீட்லயே இருக்காரு. குரூப் அட்மினும் அவர்தான். மோட்டார் போட்டாச்சு, மோட்டார் நிறுத்தியாச்சு, இது ரெண்டத் தவிர அந்த குரூப்ல வேற சேதி வந்ததே இல்ல.

துண்டோட வெளிய வந்தா நாப்பது மெசேஜ். ரெண்டு குடும்பம் குரூப்ப விட்டே போயிட்டாங்க. மூணாம் மாடி பேச்சலர் பசங்க மட்டும் கும்பிடு போட்டிருந்தாங்க.

சுமதி போன வாங்கி அந்த தலைப்ப படிச்சு தமிழ்ல சொன்னா. "திறந்த வெளியில வளர்ற கஞ்சா செடி. இலை பழுப்பாவது ஏன்?"

போன பிடுங்கி நானும் ஒரு தடவ படிச்சேன். அதேதான்.

"அடுத்த வாரம் அக்ரிமென்ட் ரின்யூவல். பொண்ணு டென்த். இப்போ வீட்ட காலி பண்ணச் சொன்னா, அவ மினி லாரில உக்காந்து படிப்பாளா?" குரல உயர்த்தவே இல்ல அவ. அதான் எனக்கு இன்னும் பயம்.

அவசர அவசரமா மெசேஜ அழிச்சேன். அது அதைவிட மோசம். அடுத்த நிமிஷம் பத்மநாபன் சார் குரூப்ல போட்டாரு: "ஆதாரத்தை அழிக்க வேண்டாம். மாடிக்கு வரவும்."

கைக்கு கிடைச்ச சட்டைய மாட்டிகிட்டு ஓடினேன். சுமதியும் பின்னாடியே வந்தா.

சார் செடிக்கு நாலடி தள்ளி நின்னுகிட்டிருந்தாரு. கையில போன், போன்ல அந்த கட்டுரை. படத்த பாக்குறாரு, செடிய பாக்குறாரு.

"முரளி, அதே மாதிரி இருக்கே."

"சார், இது புளிச்சக்கீரை சார். துவையல் அரைக்கிறது."

"அப்ப எதுக்கு கஞ்சான்னு போட்டீங்க?"

"கன்னாபினஸ் சார். அதுதான் இதோட சயின்ஸ் பேரு. போன்தான் அத கன்னாபிஸ்னு மாத்திடுச்சு, அதுதான் கஞ்சா."

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதானே கேக்குது?"

எங்க கம்பெனில ஒரு பார்ட் மேல சந்தேகம் வந்தா, ஒண்ண எடுத்து உடச்சு பாத்துடுவோம். அந்தப் பழக்கத்துல, "ஒரு இலை தின்னு பாருங்க சார், புளிக்கும்"னு சொல்லிட்டேன்.

"என்னையே திங்கச் சொல்றீங்களா?"ன்னாரு. அவரு முகம் போன போக்கு சரியில்ல.

சுமதிக்கு பொறுமை போச்சு. விறுவிறுன்னு போயி ரெண்டு இலைய கிள்ளி வாயில போட்டு மென்னா. புளிப்புல ஒரு கண்ணு மூடிக்கிச்சு. சார் வாட்ச பாத்துகிட்டே நின்னாரு.

அப்பதான் அவ என்னை பாத்தா. சட்டைய திருப்பி போட்டிருக்கேன், காதுல சோப்பு நுரை. சிரிக்க ஆரம்பிச்சவ நிறுத்தல. வாட்டர் டேங்க்க பிடிச்சுகிட்டு கீழயே உக்காந்துட்டா.

சார் ரெண்டடி பின்னாடி போனாரு. "ஏறிடுச்சு."

"ஏறல சார். என்னை பாத்துதான் சிரிக்கிறா."

"அப்படித்தான் ஆரம்பிக்கும்."

"சார்... சட்டைய..." அதுக்கு மேல அவளால பேச முடியல.

"பாத்தீங்களா, பேச்சு வரல."

பொண்ணு, பரீட்சை, மினி லாரி எல்லாம் என் கண்ணு முன்னாடி வந்து போச்சு. அந்த நேரத்துல கீழ கேட்டாண்ட "நெத்திலீ"ன்னு குரல். ஞாயித்துக்கிழமை தவறாம கோவளம் பக்கத்துலேர்ந்து மீன் கொண்டு வர்ற அமிர்தம் அக்கா. கைய ஆட்டி மேல கூப்பிட்டேன்.

"இன்னா சார், காலைலயே மாடில கூட்டம் போட்டுகினு கீறீங்க?"ன்னு கேட்டுகிட்டே வந்தாங்க.

"அம்மா, இது என்ன செடி? நல்லா யோசிச்சு சொல்லுங்க"ன்னாரு சார்.

"இதுல யோசிக்கிறதுக்கு இன்னா கீது? புளிச்சக்கீர. காஞ்ச எறா போட்டு ஆக்குனா ஒரு சட்டி சோறு எறங்கும்."

"கஞ்சா இல்லையே?"

அக்கா அவர ஏற எறங்க பாத்தாங்க. "எங்க வூட்டாண்ட வேலி புல்லா இதான் கீது. அப்போ எங்க ஊரையே புட்சி உள்ள போடணும். சும்மா பேஜார் பண்ணாத சார்."

கூப்பிட்டதுக்கு கூலியா ரெண்டு கை கீரைய ஒடிச்சு முந்தானைல முடிஞ்சுகிட்டு போயிட்டாங்க. சுமதியும் கண்ண தொடச்சுகிட்டே எறங்கிட்டா.

சார் மட்டும் போகல. மாடிப்படிய ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு, குரல தாழ்த்துனாரு.

"முரளி, ஆர்.ஓ. மெஷின்ல வர்ற வேஸ்ட் தண்ணியவா இதுக்கு ஊத்துறீங்க?"

"ஆமா சார். வீணா போகுதேன்னு."

"அதுல உப்பு ஜாஸ்தி. அதான் நுனி கருகுது. நல்ல தண்ணிய நெறைய விட்டு மண்ண ரெண்டு தரம் அலசி விடுங்க. கருகின இலைய கிள்ளிடுங்க."

"எப்படி சார் இவ்ளோ கரெக்டா சொல்றீங்க?"

"அந்த கட்டுரைல போட்டிருக்கான்." கொஞ்சம் தயங்குனாரு. "முழுசா படிச்சேன். நல்லா எழுதியிருக்கான்."

அவரு சொன்ன மாதிரியே அலசி விட்டேன். பத்து நாள்ல பளிச்சுன்னு புது இலை வந்துடுச்சு. அக்ரிமென்ட்டும் வந்துடுச்சு, பதினோரு மாசத்துக்கு. சுமதி சாமி படத்துக்கு முன்னாடி வெச்சு எடுத்துக் குடுத்தா. எல்லாம் பழைய கண்டிஷன்தான். கடைசில மட்டும், பேனாவால, சார் கையெழுத்துல புதுசா ஒண்ணு:

"வாடகைதாரர் தமது செடிகளைத் தமிழ்ப் பெயரால் மட்டுமே குறிப்பிட வேண்டும்."