பீரங்கி வெடித்தபோது பந்தியில் இல்லாதவர்

இன்ஸ்பெக்டர் ஹில்மி நோன்பு மாதத்தில், அதுவும் பட்டப்பகலில், பொரித்த கத்தரிக்காய் சாப்பிட்டதுதான் வினையாகிவிட்டது.

கெய்ரோ நாளிதழ் ஒன்றில் அந்தத் துப்பறியும் தொடரை எழுதிவந்த வஹீபுக்கு நோன்பின் முதல் வாரமே ஆசிரியர் ஃபிக்ரி போன் செய்தார்.

"உஸ்தாத், ஊரே பட்டினி கிடக்குது. உங்க ஆளு ருசி பார்த்துப் பார்த்துத் துப்புத் துலக்குறான்! வாசகருங்க எச்சில் ஊறி என்னைத் திட்டுறாங்க."

"சரி, அவனுக்கும் நோன்பு வெச்சுடறேன்."

வைத்தார். கதையில் எல்லோருக்குமே நோன்பு வந்துவிட்டது. அப்புறம்தான் தலையில் கை வைத்தார். மதியக் காப்பியில் விஷம் கலப்பதாக அல்லவா திட்டம்? காப்பியை யார் குடிப்பது?

கொலையை அந்திக்குத் தள்ளினார். நோன்பு திறக்கும் பீரங்கி வெடித்த நொடியில், கை கழுவப் போன வீட்டுக்காரரின் மண்டையில் பித்தளை இடிகுழவி இறங்கியது.

அது இன்னும் மோசம். அந்த நேரத்தில் எவன் பந்தியை விட்டு எழுந்திருப்பான்? சந்தேகத்துக்குரிய எட்டுப் பேரும் ஒரே மேசையில், வாயில் பேரீச்சம்பழத்தோடு, ஒருவருக்கொருவர் சாட்சி!

ஒருவனுக்குச் சர்க்கரை வியாதி, மதியமே சாப்பிட்டுவிட்டான், பந்திக்கே வரவில்லை என்று கதையைத் திருப்பிப் பார்த்தார். மறுநாள் சர்க்கரைக்காரர்கள் நாற்பது பேர் பத்திரிகை வாசலில் வந்து கத்தினார்கள். அவனையும் நிரபராதியாக்க வேண்டியதாயிற்று.

இன்று கடைசி அத்தியாயம்.

"ஏழரைக்குள்ள கொலைகாரன் என் கைக்கு வந்தாகணும், உஸ்தாத். இல்லன்னா பெருநாளிலேர்ந்து அந்த இடத்துல ராசிபலன்."

பதினொரு வருஷம் பெற்ற பிள்ளையாக வளர்த்த ஹில்மி, போயும் போயும் ராசிபலனுக்கா இடம் விடுவது? வஹீபுக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்னங்க, இந்தப் பானையைக் கொஞ்சம் இறக்கி வையுங்களேன்" என்றாள் மனைவி தஹானி, சமையலறையிலிருந்து.

"சும்மா இரு! கொலைகாரன் கிடைக்காம தவிச்சிட்டிருக்கேன்."

பீரங்கி வெடித்தது. வஹீப் மேசைக்கு ஓடினார். இரண்டு கரண்டி பருப்பு சூப் உள்ளே போனதும் புலம்பல் தொடங்கியது.

"மனசாட்சியோட சொல்லு, தஹானி. இந்த நிமிஷம் இந்த ஊர்ல சாப்பிட உட்காராத ஒரு ஆள் இருக்க முடியுமா?"

எதிர் நாற்காலி காலி. அவள் சமையலறை வாசலில், பூண்டு இடித்த குழவியும் கையுமாக நின்றிருந்தாள்.

"இருபத்தொன்பது நாளா நான் இங்கதான் நிக்கிறேன். உங்க இன்ஸ்பெக்டர் கண்ணுலதான் படலைன்னா, உங்க கண்ணுலயுமா?"

வஹீப் துள்ளி எழுந்தார். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, தானே சூப் ஊற்றினார். அப்புறம் போனைப் பிடித்தார்.

"ஃபிக்ரி, ஆள் கிடைச்சாச்சு! நம்ம கதையில ஒரு வரிகூடப் பேசாம அடுப்படியிலயே நிக்கிற அந்தச் சமையல்காரி!"

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"அதானா சங்கதி! 'பாவம், அவளைக் காட்டிக்கொடுத்துடாதீங்க'ன்னு ரெண்டு வாரமா பொம்பளைங்க முந்நூறு பேர் கடிதம் போட்டிருக்காங்க, உஸ்தாத், முதல் கடிதமே என் வீட்டம்மாவோடது!"