பந்துத் தாத்தா பிடித்த தேங்காய்

பந்துத் தாத்தாவின் கைக்குள் போன பொருளைப் பிடுங்குகிற ஆள் இந்த அமெரிக்காவில் இன்னும் பிறக்கவில்லை.

பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் கீழ்வீட்டு வெள்ளைக்காரர். தலையில் தோல் தொப்பி மாட்டி ஆடிய காலத்துக் காலேஜ் ஃபுட்பால் ஸ்டாராம். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், பெயர் மட்டும் ஃபுட்பால். இதில் என்னைத்தான் படிக்காதவள் என்கிறார்கள்.

தர்பூசணியோ, துணி மூட்டையோ, எதையும் அக்குளில் இடுக்கித்தான் வருவார். எதிரே ஆள் வந்தால் தோளைச் சாய்த்து நழுவுவார். நிஜமாகவே ஸ்டாரா, சும்மா அளக்கிறாரா? எனக்கு ஒரே குறுகுறுப்பு. என் மகள் மாலதியை விட்டு விசாரித்தேன்.

"பந்து கீழ விழுந்தா மேல பாய்ஞ்சு படுத்துக்கணுமாம்மா. ரெஃபரி விசில் ஊதுற வரைக்கும், யார் மேல ஏறி உட்கார்ந்தாலும் விடக்கூடாதாம்."

"இவ்ளோதானா? இதை உங்கப்பா டிவி ரிமோட்டுக்கே பண்ணுவாரே."

அப்போதுதான் டெக்சாஸிலிருந்து தாத்தாவின் மகள் வந்தாள். தனியாக இருந்தது போதும், என்னோடு வந்துவிடு என்றாள். இவர் அசையவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தம்: ஒரே ஒரு தடவை கீழே விழுந்தால் டெக்சாஸ். அன்றிலிருந்து மனிதர் தரையைப் பார்த்தே நடந்தார்.

நாலு நாள் கழித்துப் பார்க்கிங்கில் என் பை கிழிந்தது. தேங்காய் உருண்டு ரோட்டுப் பக்கம் ஓடியது. எதிரே தாத்தாவும் அவர் மகளும் நின்றுகொண்டிருந்தார்கள். தாத்தா மகளைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார். பாய்ந்துவிட்டார்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. ஆனால் தேங்காயை விடவில்லை. மகள் இழுத்தாள், மாலதி இழுத்தாள்.

"பந்து நம்ம பக்கம்தான்னு சொல்றாரும்மா."

நான் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தேன். சட்டென்று கை திறந்தது. என் சந்தேகமும் தீர்ந்தது. அளப்பவன் எவனாவது சொந்த வீட்டைத் தோற்று அடுத்தவள் தேங்காயைப் பிடிப்பானா?

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். பெட்டி கட்டினாள் மகள். கிளம்பும் நாள் கார் ஜன்னல் வழியாக அதே தேங்காயை நீட்டினேன். அக்குளில் இடுக்கிக்கொண்டு என் வாயையே பார்த்தார்.

"அம்மா, விசிலுக்கு வெயிட் பண்றாரு."

"பண்ணட்டும்" என்றேன்.

டெக்சாஸில் சோபாவில் உட்கார்ந்திருக்கும் போட்டோ வந்தது. அக்குளில் தேங்காய். நான் இன்னும் விசில் அடிக்கவில்லை.