மல்டி பிளக்குக்கு நான் வைத்த பாரச் சோதனை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் சௌக்கியம். மனதளவில் அத்தை மட்டும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இப்போது உங்களுக்கு இருக்கிற ஒரே குறை என்னால் வந்தது என்பதால், அந்த வரியை எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

போனிலேயே சொல்லலாமே என்று கேட்பீர்கள். இந்தப் பன்னிரண்டு நாளில் ஐந்து தடவை கூப்பிட்டேன். ஐந்து தடவையும் அங்கே மழை உண்டா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். என் மகள்கூட, "என்னப்பா, திடீர்னு மழை மேல இவ்வளவு அக்கறை?" என்று கேட்டாள். முப்பத்து நான்கு வருஷம் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். என் மேசைக்கு மேலே, வாய்மொழியாகச் சொல்வது எதுவும் ஏற்கப்படாது என்று பலகை தொங்கும். அதனால் எழுத்திலேயே தருகிறேன். அன்றைக்கு எங்கள் வீட்டுச் சுவர் எரிந்ததற்கு நீங்கள் செய்துகொடுத்த வயரிங் காரணம் இல்லை. நான்தான் காரணம்.

முதலிலிருந்து சொல்கிறேன். லீவுக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தபோது கூடத்தில் இருக்கும் ஒற்றை சாக்கெட்டுக்காக வீட்டில் நடந்த அடிதடி உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் போன், மகள் போன், பேத்தியின் டேப்லெட், அத்தை போன், எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு என் போன். அப்போது நீங்கள்தான் சொன்னீர்கள், வயர் இல்லாமல் நேராகச் சுவரில் சொருகுகிற மல்டி பிளக் ஒன்று நல்லதாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள், யுஎஸ்பி துளையும் அதிலேயே வரும் என்று. சொன்னதோடு விடாமல், எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டும் போனீர்கள். முதலில் பாதுகாப்புச் சோதனை முத்திரை இருக்கிறதா பாருங்கள், எவ்வளவு பாரம் தாங்கும் என்று பின்பக்கம் அச்சடித்திருக்க வேண்டும், எர்த் பின் உலோகமாக இருக்க வேண்டும், துளைகளுக்குள் மூடி இருந்தால் குழந்தை விரல் போகாது, மின்சாரம் எகிறினால் தடுக்கிற அமைப்பு இருந்தால் உத்தமம், சொருகினால் தொளதொளவென்று தொங்கக் கூடாது. கடைசியில் இரண்டு கோடு போட்டு, கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் அதில் சொருகவே கூடாது என்று எழுதியிருந்தீர்கள். அதைத் தினமும் பால் எடுக்கும்போதெல்லாம் படித்தேன். மனப்பாடமே ஆகிவிட்டது. ஆனால் கடைக்குப் போகும்போது தாளை எடுத்துப்போகவில்லை. எனக்கே ஒரு முறை உண்டு என்கிற திமிர்தான்.

அந்த முறை என்னவென்று உங்களுக்குத் தெரியும், கல்யாணமான புதிதில் உங்களிடம் பெருமையடித்திருக்கிறேன். எந்தப் பொருளானாலும் உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை தூக்கிப் பார்ப்பேன். கனமாக இருந்தால் நல்ல சரக்கு, லேசாக இருந்தால் திருப்பி அனுப்பு. போல்ட், நட்டு, பூட்டு, கீல் எல்லாவற்றையும் அப்படித்தான் வாங்கிப் போட்டேன், ஒன்றும் சோடை போனதில்லை. கடைக்காரர் முதலில் காட்டிய மல்டி பிளக்கில் முத்திரை, அச்சு, உலோகப் பின் என்று நீங்கள் எழுதிய எல்லாமே இருந்தது. கையில் வைத்தால் பஞ்சுபோல இருந்தது. உதட்டைப் பிதுக்கினேன். இன்னொன்று காட்டினார், அதையும் தூக்கிப் பார்த்துத் தள்ளி வைத்தேன். அந்த மனுஷன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் அடுக்குக்கு அடியிலிருந்து ஒன்றை ஊதித் துடைத்துக் கொண்டுவந்தார். "சார் விஷயம் தெரிஞ்சவர். உங்க கைக்கு இதுதான் சரியா வரும்" என்றார். ஆறு பிளக் துளை, நான்கு யுஎஸ்பி. செங்கல் கனம் கனத்தது. முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ பறவைப் படம் இருந்தது. பறவையும் ஒரு முத்திரைதானே என்று நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை, பெண் கேட்டு வந்தபோது உங்கள் எலக்ட்ரீஷியன் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்து, நிஜமா போலியா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தவன் நான். அந்தப் பறவையை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தேனா, வந்தவன் பேசாமல் போனைச் சொருகிவிட்டுப் போய்ப் படுத்திருக்கலாம். ஸ்டோரில் எந்தக் கயிறோ சங்கிலியோ வந்தாலும் முழுப் பாரத்தையும் ஏற்றித் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் அதை அலமாரியில் சேர்ப்பேன். அந்தப் பழக்கம் விடவில்லை. அத்தை கீழ்வீட்டுக்குப் போயிருந்தாள். மத்தியானம் மூன்று மணி. மல்டி பிளக்கைச் சுவரில் சொருகி, அதில் கெட்டிலைச் சொருகினேன். இஸ்திரிப் பெட்டியைச் சொருகினேன். மேசை விசிறி, அத்தையின் கால் பிடித்துவிடும் மெஷின், என் போன், பேத்தி மறந்துவிட்டுப் போன டேப்லெட். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நாலு நிமிஷம் தாக்குப்பிடித்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஐந்தாவது நிமிஷம் கருகல் நாற்றம் வந்தது, இஸ்திரிப் பெட்டி என்று நினைத்தேன். ஆறாவது நிமிஷம் மல்டி பிளக் சுவரிலிருந்து மெழுகு மாதிரி இறங்க ஆரம்பித்தது. பட்டென்று ஒரு சத்தம், புகை, சுவரில் ஒரு முழத்துக்குக் கருப்பு. நம் வீட்டுக் கரண்ட் மட்டும் போயிருக்கக் கூடாதா? கட்டடத்து வயரிங் பழசு, பாதிக் கட்டடத்துக்கே போயிற்று. லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே யார் என்று கேளுங்கள். எதற்கெடுத்தாலும் அறிக்கை விடுகிறாரே என்று நாம் சுற்றறிக்கை எனப் பட்டப்பெயர் வைத்த குடியிருப்போர் சங்கச் செயலாளர்தான்.

அவரை மீட்டு வெளியே எடுக்க இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷத்தில் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. மரக்கரண்டியால் அதை நெம்பி எடுத்தேன், ஈரத் துண்டில் சுற்றினேன். ஆறியதும் கத்தியால் பிளந்து பார்த்தேன். உள்ளே ஒரு இரும்புத் துண்டு. பசை போட்டு ஒட்டியிருந்தது. எந்த வயரோடும் சேராமல், எந்த வேலையும் செய்யாமல், எடைக்காக மட்டும் உட்கார்ந்திருந்தது. எர்த் பின் வெறும் பிளாஸ்டிக். வேலையில்லாமல் கனமாக உட்கார்ந்திருந்த அந்த இரும்பைப் பார்த்தபோது ரிட்டயரான என்னையே பார்த்த மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றி, பின்பக்கப் பால்கனி அலமாரியில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்தேன். ஒளிக்கும்போதுகூட அதில் ஒரு சீட்டு எழுதிக் கட்டினேன். சீட்டு இல்லாமல் ஒரு பொருளை அலமாரியில் வைக்க என் கை ஒப்பாது.

கதவைத் தட்டி, வியர்த்து வழிய வந்து நின்ற செயலாளர் சுவரைப் பார்த்தார். பின்னால் நாலு வீட்டுக்காரர்கள். "உங்க வீட்ல வயரிங் யார் பண்ணது?" என்றார். நான் சொன்னேன், "மாப்பிள்ளைதான் பண்ணாரு." இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை பாருங்கள். பொய்யே சொல்லாமல் உங்களைக் கவிழ்த்துவிட்டேன். "சொந்த மாமனார் வீட்லயே இப்படின்னா மத்த வீட்ல எப்படிப் பண்ணுவாரு?" என்று அவர் கேட்டபோதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். "ம்" என்றேன். மாப்பிள்ளை, அந்த "ம்" இன்னும் காதிலேயே இருக்கிறது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். என்ன ஆச்சு மாமா என்று கேட்டீர்கள். தெரியலையே மாப்பிள்ளை, திடீர்னு புகைஞ்சுது என்றேன். நீங்கள் சுவரைத் தடவிப் பார்த்தீர்கள். கருப்பை மறைக்கப் பழைய பெயிண்ட் இருக்கிறதா என்று அத்தையிடம் கேட்டு எடுத்து வந்தீர்கள். பிரஷ் வாங்கி வருகிறேன் என்று வெளியே போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தீர்கள். ஒரு பிரஷ் வாங்க இவ்வளவு நேரமா என்று அத்தையிடம் நான் உங்களைக் குறைகூடச் சொன்னேன். இதையும் மன்னிப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் அடித்தீர்கள். பிறகு சுவிட்ச் போர்டுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு, டெஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். எங்கே தப்பு செய்தோம் என்று நீங்கள் குழம்புவதாக நினைத்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் காப்பியோடு வந்தேன். நீங்கள் நிமிர்ந்து பார்த்ததும், சர்க்கரை போதுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். அப்படி மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் சர்க்கரையோடு நின்றுவிட்டது. நம் கட்டடத்தின் ஆறு மாடிக்கும் வயரிங் மாற்றுகிற வேலை உங்களுக்கு என்று முடிவாகிற நிலையில் இருந்தது. நீங்கள் ஊருக்குப் போன மறுநாளே லிஃப்ட் கதவில் சுற்றறிக்கை வந்துவிட்டது. வேறு ஆள் பார்க்கிறார்களாம். அடுத்த மாதம் முதல் ஞாயிறு பொதுக்கூட்டத்தில் பெயரை முடிவு செய்வார்களாம். அதைப் படிக்கக் கூடாது என்று இந்த வயதில் ஐந்து மாடியும் படியேறிக்கொண்டிருக்கிறேன். உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்று மகளிடம் கேட்டேன். "வேற வேலை வரும்னு மட்டும் சொன்னாருப்பா" என்றாள். என்னைத் திட்டியிருந்தால்கூட அன்றைக்கு ஒரு வாய் சோறு இறங்கியிருக்கும்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். முதல் ஞாயிறு கூட்டத்தில் எழுந்து நிற்பேன். எரிந்த மல்டி பிளக்கை எல்லோர் முன்னாலும் மேசையில் வைத்து, இரும்புத் துண்டைக் காட்டி, நடந்ததை ஒன்று விடாமல் சொல்வேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இந்தக் கடிதம் உங்களுக்குப் பெரிய அதிர்ச்சியாக இருக்கும் என்று தெரியும். உட்கார்ந்துகொண்டு படியுங்கள் என்று ஆரம்பத்திலேயே எழுதியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். பேத்திக்கு என் முத்தங்கள், டேப்லெட் பிழைத்துவிட்டது என்று சொல்லுங்கள். மகளுக்கு ஆசிகள். உங்களுக்கும் ஆசி சொல்ல வேண்டிய இடம் இது. அந்த யோக்கியதை திரும்பி வந்ததும் தனியாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். உறையை ஒட்டுவதற்கு முன், கூட்டத்துக்கு அந்தச் சனியனை எடுத்து வைத்துக்கொள்வோம் என்று பன்னிரண்டு நாளுக்குப் பிறகு பால்கனி அலமாரியைத் திறந்தேன். பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் அது இல்லை. அதே இடத்தில், முத்திரையும் உலோகப் பின்னும் உள்ள, பஞ்சுபோல லேசான புது மல்டி பிளக் ஒன்று இருந்தது. அதில் ஒரு சீட்டு. என் சீட்டு மாதிரியே கட்டம் போட்டு, உங்கள் கையெழுத்தில். பொருள்: மல்டி பிளக். நிலை: புதிது. குறிப்பு: பாரச் சோதனை வேண்டாம் மாமா.

அத்தையைக் கூப்பிட்டேன். அவளுக்கு அன்றைக்கே தெரியுமாம். பெயிண்ட் எடுக்கப் போனபோதே நீங்கள் பொட்டலத்தைப் பார்த்து, சீட்டையும் படித்துவிட்டீர்களாம். அதைச் செயலாளர் முன்னால் வைத்திருந்தால் வேலை அன்றைக்கே உங்கள் கையில். வைக்காமல் பையில் போட்டுக்கொண்டீர்களாம். இரண்டு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது வயரிங்கைப் பார்க்க இல்லையாம், நானாகச் சொல்ல எனக்கு நேரம் கொடுத்தீர்களாம். கிளம்பும்போது அடுப்படியில் நின்று, "மூணு காப்பி குடிச்சிட்டேன் அத்தை. மாமா சொல்ற மாதிரி தெரியலை. நீங்களும் கேக்காதீங்க, பாவம்" என்றீர்களாம். நீங்கள் காப்பி குடிப்பதே இல்லையாமே. ஆறு வருஷமாக எனக்கு இது தெரியாது.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள். எரிந்ததைத் தபாலில் திருப்பி அனுப்புங்கள், முதல் ஞாயிறுக்குள் எனக்கு அது வேண்டும். சீட்டைக் கழற்றிவிடாதீர்கள். நிலை என்ற இடத்தில் எரிந்தது என்றும், பொறுப்பு என்ற இடத்தில் என் கையெழுத்தும் அதில் இருக்கின்றன.