நல்ல நேரத்தில் செருகிய சாவி

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் மிக நேர்மையான பொருள் எங்கள் தூத்துக்குடியில், துறைமுகம் போகும் சாலையில், வன்னியபெருமாள் அண்ணாச்சியின் பட்டறையில் இருக்கிறது. சுண்டுவிரலில் பாதி நீளம். ஊதா நிறம். கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் துளையில் செருகப்பட்டு எழுந்தருளியிருக்கும். அதன் திருப்பெயர் ‘உரிமச் சாவி’.

அண்ணாச்சி கருப்பட்டி வியாபாரக் குடும்பம். நவீனமாக வேண்டும் என்று தோன்றியதால், இரும்பைத் தானாகச் செதுக்கும் பெரிய இயந்திரம் ஒன்றை வாங்கினார். எங்கே செதுக்க வேண்டும், எவ்வளவு ஆழம் என்று அந்த இயந்திரத்துக்குச் சொல்ல ஒரு மென்பொருள் உண்டு. அந்த மென்பொருளை நாம் விலைக்கு வாங்கினோமா, களவாண்டோமா என்று அதற்குச் சொல்வதுதான் சாவியின் வேலை. சாவி இன்னார் என்று கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்துவைக்க ‘டிரைவர்’ என்று இன்னொரு சின்ன மென்பொருள் வேண்டும். ஆக, யாரும் யாரையும் நம்புவதில்லை என்ற உயர்ந்த தத்துவத்தின் மேல் எங்கள் பட்டறை எழும்பி நின்றது.

அங்கே போன் எடுப்பது, மேசை துடைப்பது, டீ வாங்கி வருவது என் வேலை. பத்தாவதோடு நின்றவள் என்பதால் கூட்டங்களில் பேசும் தகுதி எனக்கில்லை. டீ கொடுக்கும்போது கேட்கும் தகுதி உண்டு.

திறப்பு விழா ஒரு வெள்ளிக்கிழமை. முதல் வேலையாகத் தேர்ந்தெடுக்கப்படும் பாக்கியம் இசபெல்லா அக்காவின் வேலைக்குக் கிடைத்தது. அக்காவின் விசைப்படகில் எஞ்சினையும் புரொப்பல்லர் தண்டையும் சேர்க்கும் இரும்பு வட்டு விரிசல் விட்டிருந்தது. கப்ளிங் என்பார்கள். பழைய எஞ்சின், கடையில் அதற்குப் பொருத்தமானது கிடைக்காது. மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் புதிதாகச் செய்தாக வேண்டும். கடல் ஓய்ந்து கிடந்து திறக்கும்போது வலையில் மீன் அள்ளி வரும் முதல் பாடுகள்தான் அக்காவுக்கு வருஷம் முழுக்கச் சோறு.

இன்ஜினியர் சிவப்பிரகாஷ் டிரைவரை ஏற்றத் தொடங்கினார். திரையில் பச்சைக் கோடு பாதியில் நின்று யோசித்தது. அண்ணாச்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஏலே, பத்தரைக்கு ராகு காலம். சாவியப் போடு.”

“டிரைவர் ஏறுன பொறவுதான் சாவியப் போடணும் அண்ணாச்சி. முன்னாலயே போட்டா கம்ப்யூட்டர் தப்பா பிடிச்சிக்கிடும். பெட்டி மேலயே செவப்பு எழுத்துல போட்டிருக்கான்.”

“எங்க கடையில நாப்பது வருசமா சாவிதாம்லே முதல்ல. கதவத் தெறந்துட்டா சாவியப் போடுவ?”

இந்தத் தர்க்கத்துக்கு மென்பொருள் கம்பெனியிடமிருந்து வந்திருந்த விற்பனையாளரே கைதட்டினார். சாவிக்குச் சந்தனம் பூசப்பட்டது; குங்குமம் வைக்கப்பட்டது; மஞ்சள் நூல் சுற்றப்பட்டது. அண்ணாச்சி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கற்பூர ஒளியில், டிரைவர் ஏறுவதற்கு முன்பே செருகினார். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. கம்ப்யூட்டர் ‘இனம் தெரியாத சாதனம்’ என்று எழுதிக் காட்டியது. அதை ஒரு வாழ்த்துச் செய்தியாக எடுத்துக்கொண்டோம்.

கப்ளிங்கின் ஒரு பக்கத்தை விற்பனையாளர் தம் சொந்த லேப்டாப்பிலிருந்து செதுக்கிக் காட்டிவிட்டு, கலர் குடித்துவிட்டு, சென்னைக்குப் பஸ் ஏறினார். மறு பக்கத்தைச் செதுக்க எங்கள் மென்பொருளைத் திறந்தபோது அது சொன்னது: ‘உரிமச் சாவி காணப்படவில்லை.’

சாவி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. காணவேண்டியவர் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை.

சென்னை ‘உதவி மையத்துக்கு’ நான் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பானுப்ரியா என்ற பெண் பேசினார். குரலில் தேன்.

“உங்க சிரமம் எனக்குப் புரியுது சார். ரொம்ப சிம்பிள். சாவிய வெளிய எடுங்க, பழைய டிரைவரை அழிங்க, புதுசா ஏத்துங்க, அப்புறம் சாவியப் போடுங்க. அஞ்சு நிமிஷம்.”

சிவப்பிரகாஷின் கை சாவியை நோக்கிப் போனது.

“தொட்டேன்னு வையி, கைய ஒடிச்சிருவேன்” என்றார் அண்ணாச்சி. “நல்ல நேரத்துல போட்ட சாவிய எவனாவது புடுங்குவானா? தாயி, எடுக்காம சரிபண்ண வழி சொல்லுங்க.”

“எடுக்காம முடியாது சார்.”

“அப்ப வேற யாரையாவது குடுங்க.”

இங்கேதான் உதவி மையத்தின் மேன்மையைச் சொல்ல வேண்டும். முடியாது என்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை. எங்கள் குறைக்கு ஓர் எண் கொடுத்தார்கள். நாங்கள் திருடர்கள் அல்ல என்று நிரூபிக்கச் சாவியில் பொறித்த எண்ணைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினோம். ‘படத்தில் சந்தனம் தெளிவாக உள்ளது, எண் தெளிவாக இல்லை’ என்று பதில் வந்தது. சந்தனத்தைத் துடைக்க அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. ‘வாடிக்கையாளர் ஒத்துழைக்காததால் பிரச்சினை தீர்க்கப்பட்டது’ என்று கோப்பை மூடிவிட்டு, தங்கள் சேவை எப்படி இருந்தது என்று எங்களைக் கேட்டார்கள்.

எடுக்காமல் செய்யக்கூடிய வைத்தியம் அனைத்தும் செய்யப்பட்டது. கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினோம். வைரஸ் காவலனுக்கு விடுப்பு கொடுத்தோம். வாஸ்துப்படி மேசையைக் கிழக்கு நோக்கித் திருப்பினோம். சாவி அசைந்துவிடாமல் இரண்டு பேர் பல்லக்குத் தூக்குவதுபோலத் தூக்கினார்கள். எலுமிச்சம்பழம் ஒன்று கீபோர்டு மேல் வைக்கப்பட்டது. அது உருண்டு ஏதோ பட்டனை அழுத்த, மென்பொருள் முதல்முறையாக வேறொரு செய்தி சொன்னது: ‘உரிமச் சாவி இன்னும் காணப்படவில்லை.’

“இன்னும்னு சொல்லுதான் பாத்தியா” என்றார் அண்ணாச்சி. “முன்னேற்றம்.”

தடைக்காலம் முடியும் வாரத்தில் இசபெல்லா அக்கா வந்தார்.

“அண்ணாச்சி, ஊருப் படகெல்லாம் ஐஸ் ஏத்துது. ஒரு பக்கம் செதுக்குன இரும்ப வச்சு நான் தோசையா சுட?”

“வேலை நடந்துக்கிட்டிருக்கும்மா. சென்னை வரைக்கும் பேசியாச்சு.”

“என்ன கோளாறு?”

“டிரைவர் பிராப்ளம்க்கா” என்றார் சிவப்பிரகாஷ். “சாவிய ஒருவாட்டி எடுத்துப் போட்டா சரியாயிரும்.”

“எடுத்துப் போட வேண்டியதுதான?”

சிவப்பிரகாஷ் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி சாமி படத்தைப் பார்த்தார்.

“அப்ப என் இரும்பக் குடுங்க. பக்கத்துப் பட்டறையில இதே சாமானம் சாவியே இல்லாம ஓடுதாம். அங்கன பாத்துக்கிடுதேன்.”

“அது திருட்டு நகலும்மா! களவுல செஞ்ச கப்ளிங்க மாட்டிக்கிட்டு கடலுக்குப் போவீயளா?”

“அவன் களவாண்டாவது செஞ்சு குடுக்கான். நீரு யோக்கியமா செய்யாம இருக்கீரு.”

ஆனாலும் அக்கா இரும்போடு திரும்ப முடியவில்லை. அது இயந்திரத்தின் பிடியில் இறுக்கப்பட்டிருந்தது. முதல் வேலை பாதியில் வெளியே போனால் பட்டறைக்கு ஆகாது என்று அண்ணாச்சி கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். பக்கத்துப் பட்டறைக்காரரும், பிறர் பாதி வெட்டியதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். “ரெண்டு நாளு” என்றார் அண்ணாச்சி. அக்கா நம்பினார். நம்பிக்கை என்ற பழைய மென்பொருளுக்குச் சாவி தேவையில்லை.

தடைக்காலம் முடிந்தது. மற்றப் படகுகள் போயின. நாங்கள் கூட்டம் போட்டோம். சாவியை எடுப்பது என்று கொள்கையளவில் முடிவாயிற்று. ஆனால் எப்போது? அண்ணாச்சி ஆத்தூருக்குப் போய் ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தார். புதுவீடு புக, கிணறு வெட்ட, காது குத்த, கதிர் அறுக்க எல்லாவற்றுக்கும் பஞ்சாங்கத்தில் நாள் இருக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து சாவியை உருவ நாள் இல்லை. உருவுவது இழப்பு போன்றது. இழப்புக்கு முன்னோர் நாள் குறித்து வைக்கவில்லை என்றாராம். இருந்தாலும் ஆடி கழியட்டும், ஆவணியில் பார்க்கலாம் என்றாராம். அப்போது ஆனியே பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. டீயை நான் ஊற்றிக்கொண்டிருந்தபோது அக்கா உள்ளே வந்தார். இந்த முறை சத்தம் போடவில்லை.

“ஆளுவல்லாம் வேற படகுக்குப் போயிட்டானுவ அண்ணாச்சி. டிரைவரும் போயிட்டான். எத்தன நாளு அவனுவ சும்மா இருப்பானுவ, அவனுவளுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு.”

“வருத்தமான செய்திம்மா. ஆவணியில...”

அக்கா மேசைப் பக்கம் நடந்தார். மஞ்சள் நூலோடு சேர்த்துச் சாவியைப் பிடித்தார். நண்டுக் காலைத் திருகுவதுபோல ஒரு திருகு. வெளியே வந்துவிட்டது.

அண்ணாச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். வானம் இடியவில்லை. சிவப்பிரகாஷ் மட்டும் விழித்துக்கொண்டார். பழைய டிரைவரை அழித்தார், புதியதை ஏற்றினார், அக்காவின் கையிலிருந்து சாவியை வாங்கி, அவர் முந்தானையாலேயே சந்தனத்தைத் துடைத்துச் செருகினார். சாவிக்குள் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. அதற்குள் விளக்கு இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். நான் ஊற்றிய டீ இன்னும் சூடாகவே இருந்தது.

அண்ணாச்சி எழுந்து முதலில் காலண்டரைப் பார்த்தார். எமகண்டம்.

“வெளிய யாருக்கும் சொல்லாதீங்க” என்றார். “நாளைக்குக் காலையில, நல்ல நேரத்துல சரியாச்சுன்னு வச்சிக்கிடுவோம்.”

கப்ளிங்கின் மறு பக்கம் பளபளவென்று வந்தது. துல்லியத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. இந்த வெற்றியை முன்னிட்டுப் பாராட்டு விழா நடந்தது. விற்பனையாளர் மறுபடி வந்தார். மறுபடி கலர் குடித்தார். உதவி மையம் ‘பொறுமையில் சிறந்த வாடிக்கையாளர்’ என்று அண்ணாச்சிக்குச் சான்றிதழ் அனுப்பியது. எல்லோரும் நின்று எடுத்த படம் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது: நடுவில் அண்ணாச்சி, அவர் கையில் கப்ளிங், கப்ளிங் மேல் மாலை. அக்கா அதில் இல்லை. அழைத்திருந்தோம். அன்று அவருக்கு மீன்பிடித் துறைமுகத்தில் வேலை. அடுத்தவர் படகில் வந்த மீனைக் கூலிக்குத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய படகு கரையில் நின்றது, ஓட்ட ஆளில்லாமல்.

இந்தச் சாவி இருக்கும் இடத்தில் திருட்டு நடக்காது என்று விழாவில் விற்பனையாளர் பேசினார். பலத்த கைதட்டல். உண்மைதான், வெளியிலிருந்து எங்கள் பட்டறைக்குள் ஒரு திருடனும் வரவில்லை. இசபெல்லா அக்காவின் முதல் பாடுகள் களவுபோனபோது, நாங்கள் எல்லோரும் உள்ளேதான் இருந்தோம்.