அய்யய்யோ அண்ணாச்சி கேட்ட ஆல்பங்கள்

பாட்டைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள் உண்டு, கண்ணீர் விடுகிறவர்களும் உண்டு. பாட்டைக் கேட்டு, வீட்டுக்குள் பாம்பு நுழைந்துவிட்ட மாதிரி அலறுகிறவர் இந்தப் பூலோகத்திலேயே ஒருத்தர்தான். அருப்புக்கோட்டையில் விதைக்கடை வைத்திருக்கிறார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அவர் ‘அய்யய்யோ அண்ணாச்சி’.

எங்களுக்கு என்றால் ‘வாரம் ஒரு ஆல்பம்’ என்ற வாட்ஸப் குழுவுக்கு. பெரிதாக நினைத்துவிடாதீர்கள், மொத்தமே நாலு பேர். பாளையம்பட்டியிலிருந்து திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு தினமும் பஸ்ஸேறிப் போகும் அறிவியல் டீச்சராகிய நான் ஒன்று. நான் போகிற மினிபஸ்ஸின் டிரைவர் செல்வம் ஒன்று. வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா முத்தையா ஒன்று. நாலாவது அண்ணாச்சி. சனிக்கிழமை ஒருவர் ஒரு ஆல்பத்தைச் சொல்ல வேண்டும். மற்ற மூன்று பேரும் ஒரு பாட்டையும் தாண்டிப் போகாமல் முழுசாகக் கேட்டுவிட்டு, மனசில் பட்டதைக் குழுவில் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் சட்டம்.

முத்தையா எந்த ஆல்பத்துக்கும் ‘நல்லாருக்கு’ என்று ஒரு வார்த்தை போடுவார். அதை அவர் கேட்பதற்கு முன்பே போட்டுவிடுகிறார் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். செல்வம் வாயே திறக்க மாட்டான், ஒரு கைகூப்பு பொம்மையோடு சரி. நான் டீச்சர் இல்லையா, பத்தி பத்தியாக எழுதுவேன், யாரும் படிப்பதில்லை. ஆக, குழுவில் உண்மையான ரசிகர் என்றால் அண்ணாச்சிதான். அவர் எழுதவும் மாட்டார். குரல் பதிவுதான். அதுவும் கடையில் வியாபாரம் நடக்கும்போதே.

“அய்யய்யோ டீச்சரு! கேட்டீகளா அத? என்ன மனுசன்யா அவன்... ஏ, மக்காச்சோளம் அந்தப் பக்கம் இருக்கு, பாத்து எடுங்க... நெஞ்சு நின்னு போச்சு டீச்சரு! எனக்குப் படபடன்னு வருது... மொளகா வெதையா? அது செவ்வாக்கெழம வரும்.”

ஒருமுறை நான் ஒரு வெளிநாட்டு பியானோ ஆல்பம் போட்டேன். கல்யாண வீட்டுக் குழந்தைகள் மாதிரி துள்ளிக் குதிக்கிற இசை. அண்ணாச்சியின் பதிவு வந்தது. “அய்யய்யோ! அந்த மனுசனுக்கு என்ன துக்கமோ தெரியலையே. கனத்த கனத்த சத்தமா அடிவயித்துல இருந்து வாசிக்கிறான். ஒரு சிரிப்பு இல்ல, ஒரு துள்ளல் இல்ல. பொண்டாட்டி பிள்ளைய பறிகொடுத்தவனா டீச்சரு?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் காதில் விழுந்ததெல்லாம் கும்மாளம். இந்த மனிதருக்கு மட்டும் எப்படித் துக்கம் கேட்கிறது? மறுபடி கேட்டேன். மூன்றாம் தடவை கேட்கும்போது, சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கும்மாளத்துக்கு அடியில் ஏதோ ஒரு துக்கம் எனக்கும் கேட்டுவிட்டது. அடுப்பில் குழம்பு தீயத் தீய அழுதேன். “ஆழமான ரசனைங்க அண்ணாச்சி” என்று எழுதிப் போட்டேன். முத்தையா ‘நல்லாருக்கு’ என்றார்.

அடுத்தது செல்வம் போட்ட ஜோடிப் பாட்டு ஆல்பம். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுவது. அன்றைக்கு அண்ணாச்சி கதிகலங்கிப் போயிருந்தார். “அந்தப் பய கெஞ்சுறான், கதறுறான், ‘வருவியா வருவியா’ன்னு கேக்குறான். அந்தம்மா வாயத் தெறக்கலையே! எட்டுப் பாட்டு டீச்சரு! ஒரு வார்த்த பதில் சொல்லலையே! கல்லு மனசா அது?” ராத்திரிச் சாப்பாட்டையே ஒதுக்கிவிட்டாராம். மனைவியைக் கூப்பிட்டு, “நான் கூப்பிட்டா நீ ‘என்ன’ன்னாவது கேட்டுரு தாயி” என்று கையைப் பிடித்திருக்கிறார். முப்பது வருஷக் குடித்தனத்தில் கையையே பிடிக்காத மனிதர் பிடித்ததும் அந்த அம்மாள் அரண்டுபோய், மறுநாள் காலையில் முதல் வேலையாக அவரைப் பிரஷர் பார்க்க அழைத்துப் போனார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆல்பத்தில் அந்தப் பெண் வஞ்சனையில்லாமல் பாடுகிறாள், என் காதால் கேட்கிறேன். ஆனாலும் அண்ணாச்சி சொல்லிவிட்டாரே என்று வரிகளை நோட்டில் எழுதி வைத்துப் பார்த்தேன். அவன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கிறான், அவள் நிலாவைப் பற்றிப் பாடுகிறாள். அவன் நாள் குறிக்கச் சொல்கிறான், அவள் மல்லிகைக்குப் போய்விடுகிறாள். அடக் கடவுளே, உண்மைதான், அவள் எதற்குமே பதில் சொல்லவில்லை! இதைக் கண்டுபிடிக்க ஒரு விதைக்கடைக்காரர் வேண்டியிருந்ததே என்று வெட்கப்பட்டேன்.

குமாரலிங்கபுரத்திலிருந்து எள் விதை வாங்க வந்த ஒரு பெரியவர் கதை இன்னும் மோசம். அவர் படியேறும்போது அண்ணாச்சி தலையில் கைவைத்து, “அய்யய்யோ, பாதியில விட்டுட்டுப் போயிட்டானே, நல்லா இருந்தவன் பொசுக்குன்னு போயிட்டானே” என்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பெரியவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, “எப்ப எடுக்குறாக?” என்று கேட்டிருக்கிறார். போனது ஒரு புல்லாங்குழல்காரன்; அதுவும் பாட்டின் நடுவில் வாசிப்பதை நிறுத்திவிட்டானாம். பெரியவர் எள்ளும் வாங்காமல் திரும்பிப் போய்விட்டார்.

இப்படி மூன்று வருஷம். இந்தப் புரட்டாசியில்தான் வந்தது வினை.

செல்வம் சொந்தமாக ஒரு ஆல்பம் போட்டுவிட்டான்! ஆறு பாட்டு. மெட்டு, எழுத்து, குரல் எல்லாம் அவன். கீபோர்டு வாங்கி வீட்டிலேயே பதிவு செய்து, மேளத்துக்கு மட்டும் சொந்தக்காரர் ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறான். வாயே திறக்காத பையனுக்குள் இத்தனை பாட்டா என்று நான் ஆடிப்போனேன். எனக்கு அவன் குரல் வலது காதில் மட்டும் கேட்டது. புதுப் பாணி போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். நன்றாக இருந்தது. பத்தி பத்தியாக எழுதினேன். முத்தையா ‘நல்லாருக்கு’ போட்டார்.

“நீங்க ரெண்டு பேரும் நல்ல மனசு டீச்சர், எதையும் திட்ட மாட்டீக” என்றான் செல்வம். “அண்ணாச்சி என்ன சொல்றாகன்னு பாப்போம். அவுக சொன்னாத்தான் எனக்குத் தெரியும், நான் பாடகனா இல்லையான்னு.”

புதன்கிழமை பதிவு வந்தது. முதல் தடவையாகப் பின்னால் வியாபாரச் சத்தமே இல்லை. “அய்யய்யோ... செல்வம். என்ன தம்பி இது? மேளம் அடிக்கிறாக, அடிக்கிறாக, அடிச்சுக்கிட்டே இருக்காக. நீ பாடிருக்கேன்னு சொன்னியேப்பா. ஆறு பாட்டையும் கேட்டுட்டேன். நீ எங்க தம்பி? உன்னையக் காணமே.”

செல்வம் குழுவை விட்டு வெளியே போய்விட்டான். மறுநாள் மினிபஸ்ஸில் பாட்டு இல்லை. தினமும் பாட்டோடு போகிற வண்டி மூச்சுக்காட்டாமல் போனதும், கூடை வைத்திருந்த ஒரு அம்மா பதறி, “ஏப்பா, வண்டி ரிப்பேரா?” என்றார். நான் இறங்கும்போது செல்வம் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்: “ஞாயித்துக்கெழம காரியாபட்டியில இருந்து ஒருத்தரு வாராரு டீச்சர். கீபோர்ட அவருக்கே குடுத்துரப் போறேன். அண்ணாச்சி காதுக்கே என் குரலு எட்டலன்னா, எனக்கு எதுக்கு அது?”

“உன் குரல்ல உயிர் இல்லைன்னு சொல்றாகளோ என்னமோ” என்று ஆறுதல் சொல்லப் போய், வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டு இறங்கினேன்.

சனிக்கிழமை லீவு. இருக்கிற ஆத்திரத்தையெல்லாம் சேர்த்துக்கொண்டு விதைக்கடைக்குப் போனேன். முந்தின நாள்தான் நல்ல மழை; விதைப்பு நேரம். கடையில் கால் வைக்க இடமில்லை. அண்ணாச்சி ஒரு காதில் இயர்போனோடு தராசில் கம்பு போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, ஒரு பையனோட மனசை இப்படியா...” என்று ஆரம்பித்தவள், அப்படியே நின்றுவிட்டேன். அவர் இடது காதிலிருந்து இறங்கிய ஒயர் நேராகச் சட்டைப் பைக்குப் போனது. வலது காதுக்கு ஒயரே இல்லை.

“இன்னொண்ணு எங்க?”

“எது டீச்சரு?”

“இயர்போன்ல இன்னொரு பக்கம்!”

“அதுவா? அதக் கத்திரியால வெட்டிட்டேன். குனிஞ்சு எடை போடுறப்ப தட்டுல போயி விழுகுது. எடையில ஏமாத்துறான்னு சனம் நெனைக்கக் கூடாதுல்ல? ஒரு காது யாவாரத்துக்கு, ஒரு காது பாட்டுக்கு.”

“எப்ப வெட்டுனீக?”

“வாங்குன அன்னைக்கே. இது நாலாவது. நாலையும் வெட்டித்தான் வச்சேன்.”

நான் அப்படியே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷம்! பாட்டுக்காரர்கள் ஒரு சத்தத்தை இடது காதுக்கும் இன்னொன்றை வலது காதுக்குமாகப் பிரித்து வைத்திருக்க, மூன்று வருஷமாக இந்த மனிதர் ஒவ்வொரு ஆல்பத்திலும் இடது பாதியை மட்டும் கேட்டு அலறியிருக்கிறார். வருஷா வருஷம் எட்டாம் வகுப்புக்கு ஒலிப் பாடம் நடத்துகிற நான் அந்த அலறலுக்கு அர்த்தம் எழுதி நோட்டை நிரப்பியிருக்கிறேன். பியானோக்காரனின் துக்கத்துக்கு நான் அழுத அழுகையை யாரிடம் போய்ச் சொல்வது?

கைப்பையிலிருந்த என் இயர்போனை அவர் போனில் மாட்டி, இரண்டு காதிலும் வைத்து, அந்த ஜோடிப் பாட்டைப் போட்டேன். அண்ணாச்சியின் கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போலிருந்தது.

“அய்யய்யோ! அந்தம்மா இருக்காக! ஏ, இங்க வா, அந்தம்மா பதில் சொல்லிட்டாக!” என்று கடைக்குப் பின்னால் இருந்த வீட்டைப் பார்த்துக் கத்தினார். “என்ன?” என்று மனைவி பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

அப்புறம் செல்வத்தின் ஆல்பத்தைப் போட்டேன். கத்துவார் என்று காத்திருந்தேன். ஒரு பாட்டு முழுவதும் கேட்டார். கத்தவில்லை. இயர்போனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கடை நிறைய நின்ற ஆட்களை வெளியே அனுப்பி, காலை பதினோரு மணிக்கு, விதைப்பு நேரத்தில், ஷட்டரை இழுத்துப் பூட்டினார். சனம் திகைத்துப்போய் நின்றது.

“வாங்க டீச்சரு. செல்வம் வண்டி எடுக்கிறதுக்குள்ள போயிருவோம்.”

பஸ் ஸ்டாண்டில் வண்டி கிளம்பும் நேரம். படியேறியதும், உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அண்ணாச்சி சொன்னார்: “தம்பி, தப்பு என்னுது. நான் ஒத்தக் காதுலதான் கேட்டேன்.”

செல்வத்துக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! “அப்ப அந்தப் பியானோ?”

“அதுவுந்தான்.”

“அந்தப் புல்லாங்குழல்காரன்?”

“அவன் எங்கயும் போகல தம்பி. அந்தப் பக்கம் உக்காந்து வாசிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கான். அதுசரி, நீ ஏம்ப்பா குரல முழுசா வலது பக்கமே வச்ச?”

செல்வம் தலையைச் சொறிந்தான். “என் வண்டியில வலது ஸ்பீக்கருதான் அண்ணாச்சி நல்ல ஸ்பீக்கரு. இடதுல பொத்தல். மேளம்னா தாங்கும்னு அத அங்கிட்டுத் தள்ளிட்டேன். வண்டியில போட்டுப் போட்டுப் பாத்துத்தான் செஞ்சேன்.”

“ஏலே, அப்ப ஊரு பூராவும் உன் வண்டியில ஏறித்தான் உன் பாட்டக் கேக்கணுமா!” என்றார் அண்ணாச்சி. பஸ்ஸே சிரித்தது. செல்வம் மட்டும் சிரிக்கவில்லை. “போடு தம்பி. கேப்போம்” என்று அண்ணாச்சி முன் சீட்டில் உட்கார்ந்தார்.

ஆறு பாட்டும் ஓடின. கருவேலங்காடும் கரிசலும் ஜன்னலில் போய்க்கொண்டே இருந்தன. பேசிக்கொண்டிருந்த சனம் இரண்டாவது பாட்டில் பேச்சை நிறுத்தியது. இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போன ஒருவர் அதற்குச் சண்டை போடாததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கிய பிறகு செல்வம் எஞ்சினை அணைத்தான். திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

“எப்படி அண்ணாச்சி இருக்கு?”

அண்ணாச்சி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். “மூணாவது பாட்டுல ரெண்டாவது சரணம். சுருதி எறங்கிருச்சு.”

“...ஆமா அண்ணாச்சி.”

“அத மட்டும் திருப்பிப் பாடு. மத்ததுல கை வைக்காத, கெட்டுப்போகும்.”

செல்வம் அப்போதுதான் திரும்பினான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, காரியாபட்டிக்காரரைக் கூப்பிட்டு, “கீபோர்டு குடுக்கிறதுக்கு இல்லைண்ணே, எனக்கு வேலை இருக்கு” என்றான். பேசும்போது அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. நானும் வெட்கமில்லாமல் மூக்கை உறிஞ்சினேன்.

திரும்பும்போது அண்ணாச்சி முன் சீட்டிலேயே தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. விரல் இடுக்கிலிருந்து கடைச் சாவிக் கொத்து நழுவப் பார்த்தது. எட்டி எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். இந்த மனிதர் எனக்கு அண்ணனாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. கடைத்தெரு வந்ததும் செல்வம் வண்டியை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தான். எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. “இன்னொரு சுத்துப் போயிட்டு வருவோம்” என்றேன்.