அந்த வாத்தியார் நான் இல்லை

"படம் எப்டிண்ணா இருக்குது?"

தியேட்டர் வாசலில் நீட்டிய மைக்குக்கு முன்னால் நின்ற நிலக்கடலை மண்டிக்காரர், சிரித்துச் சிரித்துக் கலங்கிய கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "படத்த வுடுப்பா. அதுல ஹிஸ்டரி வாத்தியார் ஒருத்தர் வர்றாரு பாரு, அப்டியே எங்க அலெக்ஸ் சாரு."

அலெக்சாண்டர் செல்போனைக் கவிழ்த்து வைத்தார். தன் போனைக் கவிழ்த்ததால் ஊரில் உள்ள மற்ற போன்கள் கவிழ்ந்துவிடாது என்று தோன்றவே, மறுபடி நிமிர்த்தி முதலிலிருந்து பார்த்தார்.

செஞ்சியில் அப்போது ஓடிக்கொண்டிருந்த படம் 'பின்வாசல் பள்ளிக்கூடம்'. பூங்குழலி என்பவர் எழுதிய நாவலைப் படமாக எடுத்திருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் அட்டகாசம்தான் கதை. படம் விட்டு வெளியே வருகிறவர்களை மடக்கிக் கருத்துக் கேட்டுத் தன் யூடியூப் சேனலில் போடுவது ராஜாராமின் தொழில். ராஜாராம், மண்டிக்காரர் இருவருமே அலெக்சாண்டரிடம் வரலாறு படித்தவர்கள். அதாவது, அவர் வரலாறு நடத்திய அறையில் உட்கார்ந்திருந்தவர்கள்.

அலெக்சாண்டர் என்று பெயர் வைத்துக்கொண்டு உலகத்தை வெல்லப் போகாமல், முப்பது வருஷமாக ஒன்பதாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் மட்டும் வென்றவர் அவர். அடுத்த மாதம் ஓய்வு. அதையொட்டிப் பழைய மாணவர் சங்கம் பள்ளிக்கூடத்தில் ஒரு மேடை கட்டி, 'நல்லாசான் அலெக்சாண்டர் கலையரங்கம்' என்று பெயர் வைப்பதாக இருந்தது. கருங்கல்லில் எழுத்து வெட்டக் கொடுத்தாயிற்று. 'நல்லாசான்' என்ற சொல்லை யோசித்துக் கொடுத்தவர் அலெக்சாண்டரே. சங்கம் தானாக யோசித்தது என்பது வெளியில் சொல்லிக்கொண்டது.

இப்போது ஊர் சிரிக்கிறது. ஊர் சிரிக்கிற ஆளின் பெயரை எவன் கல்லில் வெட்டுவான்?

"பேசாம வுட்டுடுங்க. நாலு நாள்ல வேற படம் வந்துடும்," என்றாள் மனைவி வெரோனிகா.

எதையும் பேசாமல் விட்டு அலெக்சாண்டருக்குப் பழக்கமில்லை. ஆனால் ஆதாரத்தைப் பார்க்காமல் மறுக்கக் கூடாது என்பது வரலாற்று ஆசிரியரின் தர்மம். மறுநாள் மேட்னி ஷோவுக்கு, யாருக்கும் அடையாளம் தெரியாமல் இருக்க மங்கி கேப்பும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு போனார். அந்த வெயிலில் ஊரிலேயே மங்கி கேப் போட்டிருந்த ஒரே மனிதரை, டிக்கெட் கிழிப்பவர் "வாங்க அலெக்ஸ் சார்" என்று வரவேற்றுக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்.

படத்தில் வந்த வாத்தியார் வகுப்புக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். உள்ளே கண் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. சாக்பீஸ் விழும் சத்தம் கேட்டால் மட்டும், "கவனிச்சிக்கிட்டுதான் இருக்கேன்" என்பார். தியேட்டர் அதிர்ந்தது. மலைக்கோயிலுக்குச் சுற்றுலா கூட்டிப்போன இடத்தில் குரங்கு ஒன்று முறைத்ததும், பிள்ளைகளை முன்னால் தள்ளிவிட்டு வாத்தியார் ஓட்டம் எடுத்தார். விசில் பறந்தது. இருட்டில் யாரோ "அலெக்ஸ் சார்" என்று கத்த, நாலா பக்கமிருந்தும் எதிரொலி வந்தது.

அலெக்சாண்டர் தன் கறுப்புக் கண்ணாடியை மெதுவாகக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அது கண் டாக்டர் எழுதிக் கொடுத்தது. ஒரு வாரம் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தது. அது நடந்து மாமாங்கம் ஆகிறது.

எழுதியவள் யார் என்பதும் அவருக்கு அந்த இருட்டிலேயே வெளிச்சமாகிவிட்டது. ஒன்பதாவது பி பிரிவில் பூங்குழலி என்று ஒருத்தி இருந்தாள். குள்ளமான பெண். பக்கத்துப் பெண்ணிடம் பேசினாள் என்று பீரியட் முழுக்க வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார். பழி தீர்த்துவிட்டாள்.

வெளியே ராஜாராம் மைக்கோடு தயாராக இருந்தான். ஒதுங்கிப் போயிருக்கலாம். ஆனால் மைக்கைக் கண்டு ஒதுங்கிய வாத்தியார் உலகத்தில் உண்டா?

"அந்த வாத்தியார் நான் இல்ல," என்று ஆரம்பித்தார் அலெக்சாண்டர். "நான் கிளாஸ்ல தூங்குனதே கெடையாது. ஒரே ஒரு தடவ அரையாண்டுப் பரீட்சை ஹால்ல கண்ணு அசந்துச்சு. அதுவும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரியே தட்டி எழுப்பி, ஒடம்பப் பாத்துக்குங்க சார்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அதுக்குப் பேரு தூக்கமா?"

அது அதுவரை அவருக்கும் அந்த அதிகாரிக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். பொழுது விடிவதற்குள் வல்லம், பனமலை வரைக்கும் தெரிந்துவிட்டது. படத்தைவிட இந்த வீடியோ நன்றாக இருக்கிறது என்றும், இரண்டாம் பாகம் எப்போது என்றும் கீழே கருத்து எழுதியிருந்தார்கள்.

காலையில் சேரன் போன் செய்தான். பெயின்ட் கடை வைத்திருப்பவன். பழைய மாணவர் சங்கத் தலைவன். சுற்றி வளைத்து உடம்பை விசாரித்து, மழையை விசாரித்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தான்.

"கல்லுல 'நல்லாசான்' வரைக்கும் வெட்டிட்டாரு சார். 'கலையரங்கம்' கூட ஆயிடுச்சு. நடுவுல மட்டும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கேன். கமிட்டில சில பேரு டென்ஷன் ஆவறாங்க."

திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில், திருக்குறள் முடிந்ததும் அலெக்சாண்டர் மேடையேறினார். வதந்தியை வேரோடு பிடுங்கிவிடுவது என்று தீர்மானித்திருந்தார். குரங்கைக் கண்டு ஓடுகிற கோழை தான் அல்ல என்று விளக்கினார். ராஜகிரிக் கோட்டை உச்சிக்கு முன்னால் உள்ள மரப்பாலத்தண்டை குரங்கு வந்தபோது, எலுமிச்சை சாதப் பொட்டலத்தைத் தானாக, மனமுவந்து அதனிடம் கொடுத்ததாகச் சொன்னார். பாலத்தைத் தாண்டாமல் திரும்பியது குரங்குக்குப் பயந்து அல்ல, கால் சுளுக்கியதால்தான் என்றும் சொன்னார்.

வருஷா வருஷம் அவர் பத்தாம் வகுப்பை ராஜகிரிக்கு அழைத்துப் போவது வழக்கம். ஒவ்வொரு வருஷமும் பாலத்தண்டை அவருக்குக் கால் சுளுக்கும். அந்தந்த வருஷத்துப் பிள்ளைகள், அந்த வருஷம் மட்டும்தான் சுளுக்கு என்று நினைத்திருந்தார்கள். அன்றைய பேச்சு ராஜாராமின் சேனலில் ஏறிய பிறகு பல வருஷத்து மாணவர்கள் ஒன்றுகூடிக் கணக்குப் பார்த்தார்கள். கோட்டை உச்சியிலிருந்து பார்த்தால் எது எது தெரியும் என்று முப்பது வருஷமாகப் பாடம் நடத்தியவர், உச்சியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பது வரலாறாகிவிட்டது.

கல் வெட்டுகிறவர் இன்னும் பொறுத்துக்கொண்டிருந்தார்.

மனிதர்களிடம் எடுபடாததை மாதா கோயிலில் சொல்லிப் பார்ப்பது என்று முடிவுசெய்தார் அலெக்சாண்டர். ஞாயிறு பூசை முடிவில் பங்குச்சாமியார் அறிவிப்பு வாசிப்பார். சாமியார் வாயால் வந்தால் ஊர் நம்பும். மறுப்பைத் தானே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். சாமியார் தயங்கினார். இத்தனை வருஷம் கோயில் திருவிழாவுக்கு இலவசமாக வரவேற்புரை ஆற்றியிருப்பதை அலெக்சாண்டர் நினைவூட்டிய பிறகு வாங்கி வைத்துக்கொண்டார்.

அது முகூர்த்த மாதமாகப் போய்விட்டது. கல்யாணம் நிச்சயமானவர்களின் ஓலைகள் வரிசையாக இருந்தன. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் என்று சொல்லி, தடை ஏதாவது தெரிந்தால் வந்து சொல்லும்படி கேட்டு முடிப்பதுதான் ஓலை வாசிப்பு. சாமியார் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துக்கொண்டே வந்து, அதே மூச்சில், 'பின்வாசல் பள்ளிக்கூடம்' திரைப்படத்தில் வரும் ஆசிரியர் நம் பங்கைச் சேர்ந்த அலெக்சாண்டர் அல்லர் என்பதையும் வாசித்தார். வாய்ப்பழக்கம் யாரை விட்டது?

"இதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள், அதைப் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

கடமை தவறாத பங்கு அது. பூசை முடிந்ததும் சாமியார் அறை வாசலில் தொடங்கிய வரிசை மாதா சிலைக் கெபியைச் சுற்றி வளைந்து நின்றது. சாட்சி சொல்ல சீயமங்கலத்திலிருந்துகூட ஒருவர் வந்திருந்தார். வரிசையின் முன்பக்கத்தில், முக்காடு போட்டுக்கொண்டு, வெரோனிகா நின்றிருந்தாள்.

"நீ இன்னாடி இங்க?" என்றார் அலெக்சாண்டர்.

"தெரிஞ்சவங்க சொல்லணும்னு பீடத்துல நின்னு சொல்றாரு. சொல்லாம இருந்தா பாவம் இல்லீங்களா?"

சாயங்காலம் சேரன் நேரில் வந்தான். வெரோனிகா கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, கமிட்டி கூடிப் பேசியதைச் சேரன் சொன்னான். படத்தில் ஜனங்களுக்குப் பிடித்ததே அந்த வாத்தியார்தானாம். வெளியே வருகிறவன் எல்லாம் அவரைப் பற்றித்தான் பேசுகிறானாம். படக்குழு ஊர் ஊராகத் தியேட்டர் விசிட் வருகிறது. வருகிற ஞாயிறு செஞ்சி. அப்படியே அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கும் கூட்டிவந்து அரங்கத்தைத் திறந்துவிடலாம் என்று யோசனை.

"ஆனா ஒண்ணு சார். அது நீங்கதான்னு அந்த எழுதுன அம்மா மேடையில வாயத் தொறந்து சொல்லணும். சொல்ட்டாங்கன்னா அப்பவே உங்க பேரு கல்லுல ஏறிடும். இல்லாட்டி வேற பேரு வெக்கலாம்னு பாதிப் பேரு நிக்கிறான்."

அலெக்சாண்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். மனிதர் கொள்கை மாற அதற்குமேல் நேரம் தேவைப்படுவதில்லை.

"ஒரு நெஜ மனுஷன் இல்லாம அப்படி ஒரு பாத்திரம் பொறக்குமா, சேரா?" என்றார்.

மறுநாள் முதல் கறுப்புக் கண்ணாடி முகத்தைவிட்டு இறங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் செல்பி கேட்டவர்களுக்கு நின்று கொடுத்தார். டீக்கடையில் கிளாஸ் விழுந்தால், "கவனிச்சிக்கிட்டுதான் இருக்கேன்" என்றார். ராஜாராமை வீட்டுக்கே வரவழைத்துப் பேட்டி கொடுத்தார். சினிமாக்காரர்கள் எதையும் சுருக்கிவிடுவார்கள் என்றும், படத்தில் காட்டியது ஒரே ஒரு குரங்கு, உண்மையில் வந்தது ஒரு கூட்டம் என்றும் திருத்தம் சொன்னார். பங்குச்சாமியாரிடம் போய் அறிவிப்பைத் திரும்பப் பெற வழி கேட்டார். வாசித்த ஓலையைத் திரும்ப வாங்குவதானால் பிஷப்புக்குத்தான் எழுத வேண்டும் என்று சாமியார் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிறன்று பள்ளி மைதானம் நிரம்பிவிட்டது. புது மேடையின் சுவரில் பட்டுத்துணி மூடிய கல். துணிக்குள்ளே 'நல்லாசான்' இருந்தது, 'கலையரங்கம்' இருந்தது, நடுவில் காலியிடம் இருந்தது. கல் வெட்டுகிறவர் உளியும் சுத்தியலுமாகக் கல்லுக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

படக்குழுவின் வேன் வந்து நின்றது. நடித்த பிள்ளைகள் இரண்டு பேர் இறங்கினார்கள். பின்னால் பூங்குழலி இறங்கினாள். நெடுநெடுவென்று இருந்தாள். ஒன்பதாம் வகுப்பில் அத்தனை குள்ளமாக இருந்தவள் இவ்வளவு வளர்ந்திருப்பதில் அலெக்சாண்டருக்கு ஆசிரியர் என்ற முறையில் பெருமையாக இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பொன்னாடையைப் போர்த்தினார்.

"நான் ஒன்ன மன்னிச்சிட்டேம்மா," என்றார். "ஒம்பதாவது பி-ல ஒன்ன வெளிய நிக்க வெச்சத மனசுல வெச்சிக்கிட்டு எழுதிட்டே. பரவால்ல. மேடையில மட்டும் ஒரு வார்த்த சொல்லிடு."

பூங்குழலி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மறக்க முடியுமா சார்? சொல்லாம போவேனா?"

சொன்னாள். மைக்கைப் பிடித்து, இந்த வாத்தியார் பாத்திரம் எங்கிருந்து கிடைத்தது என்று எல்லாரும் கேட்கிறீர்கள் என்று ஆரம்பித்து, கொஞ்சம் நிறுத்தி, மைதானம் மூச்சடக்கியதும் தொடர்ந்தாள்.

"அவர் வேற எங்கயும் இல்ல. இதே ஊர்லதான் இருக்கார். இதோ, உங்க முன்னாடியே நிக்கிறார்."

மைதானம் எழுந்து நின்றது. விசிலுக்கு நடுவே சேரன் கையைத் தூக்கிக் காட்டினான். துணிக்கு அடியில் கையை நுழைத்துக் கல் வெட்டுகிறவர் 'அ' போட ஆரம்பித்தார். அலெக்சாண்டர் கண்ணாடியைக் கழற்றினார். குரங்கு எதுவும் பக்கத்தில் இல்லாமலே அவருக்குக் கண் கலங்கியிருந்தது. வெரோனிகாகூட கை தட்டினாள்.

அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது என்று படக்குழு இறங்கிப் புறப்பட்டது. அப்போதுதான் அலெக்சாண்டர் கவனித்தார். பொன்னாடை நாற்காலியிலேயே கிடந்தது. பாவம், பரபரப்பில் மறந்துவிட்டாள். அதை எடுத்துக்கொண்டு, சுளுக்கெல்லாம் மறந்து, வேனிடம் ஓடினார்.

வேன் டிரைவர் இறங்கி வந்தார். பொன்னாடையைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் பின்கதவைத் திறந்தார். மேடைப் பக்கமிருந்து உளிச் சத்தம் டக் டக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது.

"குடுங்க சார், பின்னாடி வெச்சிடறேன். திண்டிவனத்து சாரு, போளூரு சாரு, நேத்து ஆரணி சாரு, மேடத்த மன்னிச்ச எல்லா சாருங்க பொன்னாடையும் இங்கதான் இருக்குது."